இதயத் தசையின் பொறுமை

ஜூன் மாதம் திரு இருதய மாதம். மாலைதோறும் திரு இருதய ஆண்டவரின் படத்திற்கு முன் விளக்கேற்றி, குடும்பமாக முழந்தாளிட்டுச் செபிக்கிறோம். அவ்வேளையில், இறைவன் நம் நெஞ்சில் அமைத்துள்ள இருதயத்தைப் பற்றியும் சற்றே சிந்திப்பது தகும்.

நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கும் இவ்வுறுப்பின் தசைக்கு, அதன் மேற்புறம் படர்ந்துள்ள கரோனரி இரத்தக் குழாய்களே பிராணவாயுவைக் கொண்டு செல்கின்றன. அவற்றுள் ஒன்று அடைபட்டால் நேர்வது யாது?

அக்குழாயை நம்பியிருந்த தசையணுக்கள் ஓரிரு நிமிடங்களுக்குள் சுருங்கி விரியும் வேலையை நிறுத்திவிடுகின்றன. இஃது இறப்பு அன்று, சிக்கனம் எனலாம். இருப்பிலுள்ள சர்க்கரையைப் பிராணவாயு இன்றியே சிதைத்து, கிடைக்கும் சிறு ஆற்றலைக் கொண்டு உயிர் காக்க முயலுகின்றன. ஆனால் லாக்டிக் அமிலம் சேர்கிறது; ஆற்றல் குன்றுகிறது; உப்பும் நீரும் உட்புகுந்து அணுக்கள் வீங்குகின்றன. ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குள் இரத்தம் திரும்பினால் அவை பெரும்பாலும் பிழைக்கும். ஆயினும் சில மணி நேரமோ சில நாட்களோ களைத்தே இருக்கும். அதற்கு மேல் தாமதமானால் அணுவின் மெல்லுறை சிதைந்து, சாவு தொடங்குகிறது.

அச்சாவும் எங்கும் ஒருங்கே நிகழ்வதில்லை. இருதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, வெளிப்புறம் நோக்கி அலைபோல் சில மணி நேரம் பரவுகிறது என்பதை, ரைமர், ஜென்னிங்ஸ் முதலிய அறிஞர்கள் நாய்களில் ஆராய்ந்து 1977-இல் வெளியிட்டனர். மடிந்த தசை மீண்டும் தசையாக வளர்வதில்லை. அவ்விடத்தில் தழும்பே எஞ்சும்.

1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி என்பாரும் இவ்விருவரும் ஒரு வியப்பைக் கண்டனர். 5 நிமிடம் வீதம் 4 முறை குழாயை அடைத்துத் திறந்தபின், 40 நிமிடம் அடைத்தனர். அவ்வாறு பழகிய இருதயங்களில் மடிந்த பகுதி, பழகாதவற்றில் மடிந்ததில் கால் பங்களவே! சிறு துன்பம் பெருந்துன்பத்தைத் தாங்கப் பயிற்றுவித்தது. ஆனால் அடைப்பு 3 மணி நேரம் நீடித்தபோது, அப்பயிற்சியும் கைகொடுக்கவில்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதே இதில் நாம் கற்கும் பாடம். நெஞ்சு இறுகும்போது, "வாயுப் பிடிப்பு" என்று சோடா அருந்தியும், "விடியட்டும்" என்று காத்திருந்தும் அந்த மணித்துளிகளை வீணாக்கலாமா? பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலியின்றி மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டுமே வரக்கூடும். உடனே 108-ஐ அழைப்போம். செபமாலை கையில் இருக்கட்டும்; வண்டி மருத்துவமனையை நோக்கி விரையட்டும்.