லெங்கின் ஆய்வும் வைக்கோல் தின்னும் மாடும்

ரொனால்டு லெங், ஆத்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கால்நடை ஊட்டவியல் அறிஞர். அசைபோடும் விலங்குகளின் செரிமானம் பற்றிய இவருடைய ஆய்வு, பசும்புல் கிடைக்காமல் வைக்கோலை நம்பியிருக்கும் இந்திய மாடுகளுக்கு நேரடியாகப் பயன்பட்டது.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளே நார்ப்பொருளைச் சிதைக்கின்றன. அதைச் செரிக்கும் நொதி மாட்டிடம் இல்லை. பிறகு அந்த நுண்ணுயிரிகளே அடுத்த பகுதிகளில் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குதான். நைட்ரசன் போதாததால் நுண்ணுயிரிகள் பெருகுவதில்லை. வயிறு நிறைய வைக்கோல் கிடந்தும் மாடு மெலிவது இதனால்தான். ஆகவே முதலில் நுண்ணுயிரிகளுக்கு உணவிட வேண்டும் என்றார் லெங்.

ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம், 1980களில் யூரியா, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, தாது உப்பு ஆகியவை கலந்த நக்குக் கட்டிகளை உருவாக்கியது. இம்முயற்சியில் லெங்கின் பங்கும் உண்டு. பெருவயிற்றில் யூரியா அம்மோனியாவாக மாறி நுண்ணுயிரிகளுக்கு நைட்ரசன் தருகிறது. கட்டி கெட்டியாக இருப்பதால் மாடு சிறிது சிறிதாகத்தான் நக்க முடியும். ஒரே நேரத்தில் அதிக யூரியா உள்ளே போனால் அம்மோனியா இரத்தத்தில் ஏறி, மாடு சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். யூரியா மூட்டையைத் தொழுவத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதற்காகவே. பெருவயிறு வளராத இளங்கன்றுகளுக்கு இக்கட்டி ஆகாது.

கறவை மாட்டுக்குக் கட்டி மட்டும் போதாது. பெருவயிற்றில் சிதையாமல் குடலுக்குச் சென்று சேரும் புரதமும் சிறிது வேண்டும் என்பதை லெங் வலியுறுத்தினார். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் அது ஓரளவு உண்டு.