மதுரைக் கொடிகள் எதற்காக அசைந்தன?

மதில்மேல் கொடி பறக்கிறது. காற்றடித்தால் பறக்கத்தானே செய்யும்? ஆனால் சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, ‘இங்கே வராதீர்கள்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல அந்தக் கொடிகள் அசைந்தனவாம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதுதான் தற்குறிப்பேற்ற அணி. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் சொல்லும் 35 பொருளணிகளில் ஒன்று.

பாடப்புத்தகம் பெரும்பாலும் கொடியோடு நின்றுவிடும். கொடிகள் வரும் அதே புறஞ்சேரி இறுத்த காதையில், சற்று முன்னால் வையை ஆறு வருகிறது. நீர் தெரியாதபடி மேலெல்லாம் பூ. கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்த வையை, கண்ணில் நிறைந்த நீரை அந்தப் பூவாடைக்குள் மறைத்துக்கொண்டாளாம். என்னைக் கேட்டால், கொடியைவிட இதுதான் அருமை.

இதற்குள் ஒரு நாடக உத்தியும் இருக்கிறது. கோவலன் கொலையுண்ணப்போவதை நூலின் முகப்பில் உள்ள பதிகமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. நமக்குத் தெரியும், ஆற்றுக்கும் தெரியும். கோவலன், கண்ணகி இருவருக்கும் மட்டும் தெரியாது. பூ நிறைந்த ஆற்றை வியந்து தொழுதுவிட்டு மரத்தெப்பத்தில் ஏறுகிறார்கள். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் தம் ‘ஈடிபஸ்’ நாடகத்தை நகர்த்துவதும் இதே உத்தியால்தான்: மன்னன் தேடும் குற்றவாளி அவனேதான் என்பது பார்வையாளருக்கு முதலிலேயே தெரியும்.