கல்லாவில் வராத கணக்கு



"சுத்தம் சோறு போடும்" என்று நம் முன்னோர் சொன்னதை நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். கடைக்கு வந்து உட்கார்ந்ததும் நாமே அதை மறந்து விடுகிறோம். நாக்கில் விரலைத் தொட்டு ரூபாய் நோட்டு எண்ணுகிறோம். அதே விரலால் பில் புத்தகத்தைப் புரட்டுகிறோம். பை திறக்கவில்லை என்றால் வாயால் ஊதித் திறந்து, அதற்குள் பொட்டுக்கடலையைப் போட்டுக் கொடுக்கிறோம். வாடிக்கையாளர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். இது கல்லாவில் வராத கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றை எங்கள் மண்டியிலேயே நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எங்கள் மண்டியில் நடந்தது

2004ஆம் ஆண்டு, ஐப்பசி மழை நேரம். தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மண்டியில் அப்போது பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். குடோனின் பின்புறம் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். தாகம் எடுத்தவர் டம்ளரைப் பானைக்குள் முக்கி எடுத்துக் குடிப்பார். கழிப்பறையில் ஒரு தொட்டித் தண்ணீரும் வாளியும் உண்டு, சோப்பு கிடையாது. சோப்பு வைத்தால் காணாமல் போய்விடும் என்று நாங்களே வைக்கவில்லை. "முதலாளி, பின்னால ஒரு குழாய் போட்டுக் குடுத்தா கை கழுவ வசதியா இருக்கும்" என்று சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இரண்டு முறை கேட்டார். "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டோம்.

அவருக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு நான்கைந்து நாள் வேலைக்கு வந்தார். பானைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். பிறகு படுத்துவிட்டார். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, ஒரே வாரத்தில் கணக்குப்பிள்ளை உட்பட மூன்று பேர் படுத்தார்கள். இரத்தப் பரிசோதனையில் டைபாய்டு என்று தெரிந்தது.

கணக்குப்பிள்ளையைப் பார்த்த டாக்டர் எங்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, உங்க கடையில கக்கூஸ் போய்ட்டு வந்தவங்க கை கழுவ என்ன வச்சிருக்கீங்க?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தீபாவளி வியாபாரத்தில் பாதி கையை விட்டுப் போனது. அதைக்கூட மறந்துவிடலாம். தினக்கூலிக்காரரான அந்தத் தொழிலாளி ஐந்து வாரம் வேலைக்கு வர முடியாமல், மனைவியின் தோட்டை அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார். எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தோட்டை மீட்டுக் கொடுத்தோம். ஆனால் குழாய் கேட்டவருக்குக் குழாய் போட்டுக் கொடுக்காத குறை இன்றுவரை மனத்தில் இருக்கிறது.

நோய் வரும் வழி

டைபாய்டு காற்றில் வருவதல்ல. குளிரில் நனைந்தால் வருவதும் அல்ல. அந்தக் கிருமி மனிதர் உடலில் மட்டுமே வாழ்வது. நோயாளியின் மலத்தின் வழியாக வெளியே வந்து, கழுவாத கை, தண்ணீர், ஈ மொய்த்த பண்டம் ஆகியவற்றின் மூலம் இன்னொருவர் வாய்க்குப் போகிறது. உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படுகிறது. எங்கள் மண்டியில் இரண்டு வாரம் கழித்து மூவர் படுத்ததன் காரணம் இதுதான். காய்ச்சல் விட்ட பிறகும் சிலர் உடலில் கிருமி தங்கி, மாதக் கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். ஆகவே நோயாளியை ஒதுக்கி வைப்பதால் மட்டும் பயனில்லை. எல்லோரும் எப்போதும் கை கழுவுவதே வழி.

காலரா, வயிற்றுப்போக்கு, ஒரு வகை மஞ்சள் காமாலை, குடற்புழு ஆகியவையும் இதே வழியில்தான் வருகின்றன. ஒரே கதவைச் சாத்தினால் இத்தனை திருடர்களையும் வெளியே நிறுத்தலாம். அந்தக் கதவு சோப்பும் தண்ணீரும்.

வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். கிருமிகள் கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் டின்னைப் பிடித்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பாருங்கள், பிசுக்கு போகாது. சோப்பு அந்தப் பிசுக்கைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது, கிருமியும் சேர்ந்து போகிறது. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்க 20 விநாடி வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ண வேண்டும். எண்ணுவதற்கு நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை!

படித்தவர்களும் மறுத்ததுண்டு

இது படிக்காதவர்களுக்கான பாடம் என்று எண்ணிவிடக் கூடாது. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அங்கே டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்க்கும் பகுதியில் தாய்மார்கள் காய்ச்சலில் மடிந்தார்கள். மருத்துவச்சிகள் பார்க்கும் பகுதியில் இறப்பு மிகவும் குறைவு. டாக்டர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு நேரே பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். நூற்றுக்குப் பத்துக்கு மேலும் போய்க்கொண்டிருந்த இறப்பு, நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. இருந்தும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. "எங்கள் கையா அழுக்கு?" என்ற கௌரவம்தான் குறுக்கே நின்றது. அதே கௌரவம் நம் கல்லாப்பெட்டியின் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சூரத் நகரம் கற்றுத் தந்தது

வணிகர்களாகிய நாம் மறக்கக் கூடாத இன்னொரு பாடம் சூரத். 1994 செப்டம்பரில், வெள்ளம் வடிந்த பின் குப்பையும் சேறும் தேங்கிக் கிடந்த அந்த ஊரில் பிளேக் நோய் பரவிய செய்தி வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரை விட்டே ஓடினார்கள். வைரப் பட்டறைகளும் நெசவாலைகளும் அடைத்துக் கிடந்தன. வெளிநாடுகள் சில இந்தியாவுக்கு விமானத்தையே நிறுத்தின. சூரத் சேலைக் கட்டுகளை எதிர்பார்த்திருந்த எங்கள் வீதி ஜவுளிக்காரர்கள் அந்தத் தீபாவளிக்கு முன் பட்ட கவலை இன்றும் எங்களுக்கு நினைவிருக்கிறது. எங்கோ ஓர் ஊரில் எடுக்காத குப்பை, நம் ஊர்க் கடையின் அலமாரியைக் காலியாக்கியது.

1995இல் எஸ்.ஆர். ராவ் என்ற அதிகாரி அந்த மாநகராட்சி ஆணையராக வந்தார். நகரத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்துப் பொறுப்பை ஒப்படைத்தார். அதிகாரிகள் நாள்தோறும் வீதியில் இறங்கிப் பார்வையிட வேண்டும் என்றார், தாமும் இறங்கினார். குப்பை கொட்டிய கடைகளுக்கு அபராதம் விழுந்தது. சுத்தமில்லாத உணவுக் கடைகள் மூடப்பட்டன. 1996இல், சண்டிகருக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது தூய்மையான நகரம் என்று சூரத் பெயர் எடுத்தது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தோருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆட்களும் அதே ஆட்கள், வியாபாரமும் அதே வியாபாரம். மேலே இருப்பவர் தாமே இறங்கிச் செய்ததும், தவறாமல் நாள்தோறும் செய்ததும்தான் வித்தியாசம்.

சொல்லிக்கொடுப்பது எப்படி?

நாங்கள் முதலில் செய்த தவறு, சுவரில் "கை கழுவவும்" என்று எழுதி ஒட்டியது. ஒருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பின்பு குழாய் போட்டோம், சோப்பு வைத்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் முதலில் நாங்கள் போய்க் கழுவினோம். பத்து நாளில் சொல்லாமலே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். முதலாளி செய்வதைத்தான் கடை செய்யும்.

சோப்பு காணாமல் போகத்தான் செய்தது, மூன்று முறை. கோபப்படாமல் விசாரித்தோம். வீட்டில் சோப்பு வாங்க முடியாத ஒருவர் எடுத்துப் போயிருந்தார். அந்தச் சோப்பு அவர் பிள்ளைகளின் கையைத்தானே கழுவியிருக்கும்! அன்று முதல் சம்பளத்தோடு ஆளுக்கு இரண்டு சோப்பு கொடுக்கிறோம். அதன்பின் ஒரு சோப்புகூடக் காணாமல் போனதில்லை.

எங்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். குழாய், தொட்டி, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து அன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதைச் செய்யாததால் அந்த ஒரே பருவத்தில் நாங்கள் இழந்தது அதைப் போல் பல மடங்கு.

ஒவ்வொரு கடையிலும் செய்யக்கூடியவை

1. பானையில் டம்ளரை முக்க வேண்டாம். குழாய் வைத்த பாத்திரம் வையுங்கள். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள்.

2. தொட்டித் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போடுவோர், நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். மூட்டை பிரித்துத் திறந்தே கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. அதை விற்கும் நாமே இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

3. நோட்டு எண்ண, நனைத்த ஸ்பாஞ்சு டப்பா வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பையை ஊதாமல், இரு விரலால் தேய்த்துத் திறக்கப் பழகுங்கள்.

4. அச்சடித்த செய்தித்தாளில் வடையும் மிக்சரும் மடிக்க வேண்டாம். மையில் உள்ள இரசாயனம் எண்ணெயோடு பண்டத்தில் இறங்கும். சட்டமும் இதைத் தடை செய்திருக்கிறது.

5. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். எலி ஓடும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல், மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவரைத்தான் முதலில் பிடிக்கும்.

6. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவரைப் பண்டம் தொடும் வேலையில் விடாதீர்கள். ஆனால் அவருடைய கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். எங்கள் தொழிலாளியும் அப்படித்தான் வந்தார்.

இவற்றில் பல, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளிலேயே இருக்கின்றன. உணவுப் பொருளைக் கையாளும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும், டைபாய்டு போன்ற குடல் நோய்களுக்குத் தடுப்பூசியும் வேண்டும் என்று அவை சொல்கின்றன. உரிமம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

2020இல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு கடை வாசலிலும் வாளியும் சோப்பும் இருந்தன. அந்த வாளி இன்று எங்கே? பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது. பயத்தால் வந்தது நிற்காது. சிறு வயதில் பழகியதே நிற்கும். ஆகவே நம் சங்கம், ஊரில் உள்ள பள்ளிகளுக்கு மாதந்தோறும் சோப்பு வழங்கும் பொறுப்பை ஏற்கலாம். மொத்த வணிகர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் ஓர் ஆண்டு ஓடும். 2008 முதல் அக்டோபர் 15ஆம் நாள் உலகக் கை கழுவும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பொதுச் சுகாதாரத் துறை அலுவலரை நம் சங்கக் கட்டடத்துக்கே அழைத்து, கடை ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தச் சொல்லலாம். அவர் அபராதம் போட வருபவராக மட்டும் இல்லாமல், ஆசிரியராகவும் வரட்டும்.

இதைப் படித்து முடித்ததும் கடையின் பின்புறம் ஒரு முறை போய்ப் பாருங்கள். குழாய் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "தீபாவளி முடியட்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் அப்படிச் சொல்லித்தான் கெட்டோம்.