மருந்தின் விலையும் வழியின் விலையும்



ஒரு தடுப்பு மருந்தின் விலை என்னவென்று கேட்டால், அதனைச் செய்யும் தொழிற்சாலை கூறும் தொகையையே நாம் விடையாகக் கொள்கின்றோம். ஆனால், தொழிற்சாலையில் இருக்கும் மருந்து எவரையும் காப்பதில்லை. ஒரு குழந்தையின் உடலிற் சென்று சேர்ந்த பின்னரே அது பயன் தருகின்றது. இடையிலுள்ள வழிக்கும் ஒரு விலையுண்டு. வறிய நாடுகளில் அவ்விலை சில வேளைகளில் மருந்தின் விலையையும் விஞ்சிவிடுகின்றது.

அவ்வழி எத்தகையது? தடுப்பு மருந்துகளிற் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைத்திருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அவை வலுவிழக்கும். சில மருந்துகள் உறைந்தாலும் கெடும். ஆகவே, தலைநகர்க் களஞ்சியம் முதல் கிராமத்து மரநிழல் வரை குளிர் இடையறாது தொடர்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, எரிபொருள், வாகனம், பனிக்கட்டி, ஊழியர் சம்பளம் ஆகிய அனைத்தும் இச்செலவில் அடங்கும்.

இதற்கு ஆபிரிக்கா தரும் சான்று சிறந்தது. செனகல் முதல் எதியோப்பியா வரையுள்ள வறண்ட நிலப்பகுதியை, மூளையைச் சூழ்ந்த சவ்வைத் தாக்கும் மெனின்ஜைற்றிஸ் நோய் நெடுங்காலம் வாட்டி வந்தது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 25,000 உயிர்களைக் கொண்டது. அந்நோயின் 'ஏ' வகையைத் தடுக்கும் மருந்து இந்தியாவின் பூனா நகரில் உருவாகியது. அப்போது ஒரு வேளை மருந்தின் விலை அரை அமெரிக்க டொலரிலும் குறைவாக இருந்தது. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் புர்கினா பாசோ நாட்டில் அதனைப் பெருமளவில் வழங்கத் தொடங்கினர்.

மருந்து மலிவாயிற்று, வழி மலிவாகவில்லை. மின்சாரமில்லாத ஊர்களுக்குப் பனிக்கட்டியைச் சுமந்து செல்லல் வேண்டும். அது உருகியதும் மீண்டும் நிலையத்துக்குத் திரும்புதல் வேண்டும். ஆராய்ந்து பார்த்தபோது, இம்மருந்து 40 பாகை வெப்பத்தையும் 4 நாட்கள் வரை தாங்கும் எனத் தெரிந்தது. 2012ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவ்வாண்டே பெனின் நாட்டு ஊழியர்கள் பனிக்கட்டியின்றி ஊர்களுக்குச் சென்றனர். இம்முறையைக் கையாண்டால் குளிர்ப்பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்குமான செலவு ஏறத்தாழப் பாதியாகும் என்பது சாட் நாட்டை வைத்துச் செய்த கணக்கு. 2017ஆம் ஆண்டின் பின்னர் 'ஏ' வகை நோய் அப்பகுதியிற் பதிவாகவில்லை.

எல்லா மருந்தும் இவ்வாறு வெப்பந் தாங்குவதில்லை. சின்னமுத்துத் தடுப்பு மருந்தைப் பாருங்கள். பெரும்பாலும் பத்துப் பேருக்குரிய மருந்து ஒரே குப்பியில் வருகின்றது. நீர் கலந்து 6 மணித்தியாலங்கள் கழிந்தால் மிஞ்சியதைக் கொட்டிவிடல் வேண்டும். மூன்று குழந்தைகளே வந்திருக்கும் நாளிலே தாதி என்ன செய்வாள்? குப்பியைத் திறந்தால் ஏழு பேரின் மருந்து வீணாகும். திறவாவிட்டால், பல மைல் நடந்து வந்த தாய் வெறுங்கையுடன் திரும்புவாள். அவள் மீண்டும் வருவாள் என்பது நிச்சயமன்று.

வீணான மருந்து கணக்குப் புத்தகத்தில் ஏறுகின்றது. திரும்பிச் சென்ற குழந்தை எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஆதலினாற்றான், ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறவுங்கள் என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்துகின்றது. சிக்கனம் நல்லதே. ஆயினும், எதனைச் சேமிக்கின்றோம், எதனை இழக்கின்றோம் என்பதைச் சேர்த்து எண்ணுவதே சரியான கணக்காகும்.