சிறுவன் கற்பித்த உயிரொலிகள்



அயல்மொழியைக் கற்க விழைவோர் முதலில் சொற்களை மனப்பாடம் செய்வது வழக்கம். வியட்நாம் மொழியில் அது மட்டும் போதாது. அங்கே உயிரொலி சற்றுப் பிறழ்ந்தாலும் சொல்லே வேறாகிவிடும்.

1624-ஆம் ஆண்டின் இறுதியில் இயேசு சபைக் குருவான அலெக்சாந்தர் தெ ரோட்ஸ் அடிகள் அந்நாட்டில் கால் வைத்தார். மக்களின் பேச்சு அவர் செவிக்குப் பறவைகளின் கீச்சொலியாகவே பட்டது. இதை ஒருநாளும் கற்க இயலாது என்று மனம் தளர்ந்தார். மற்றக் குருக்கள் மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்டு போதித்து வந்தனர். பிரான்சிஸ்கோ தெ பீனா அடிகளோ மக்கள் மொழியிலேயே போதித்தார். அவரது போதனையே மிகுந்த பலன் தந்தது. இதைக் கண்ட ரோட்ஸ் அடிகள் துணிவு கொண்டார். அவருக்கு ஒலிகளைக் கற்பித்தவன் அந்நாட்டுச் சிறுவன் ஒருவன். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆயினும், மூன்றே வாரங்களில் அம்மொழியின் ஓசை வேறுபாடுகள் அனைத்தையும் அவன் அவருக்குப் புகட்டிவிட்டான்.

அவன் புகட்டிய ஒலிகள் எத்தகையவை? வியட்நாம் மொழிக்கு இன்று 12 உயிரெழுத்துகள் உண்டு. அவற்றுள் இரண்டு ஒரே ஒலியுடையவை. ஆகவே ஒலிகள் 11. சில நமக்கு எளியவை. குறில் நெடில் வேறுபாட்டை நாம் அறிவோம். அங்கும் ‘அன்’ என்று குறுக்கினால் உண்ணுதல். ‘ஆன்’ என்று நீட்டினால் அமைதி.

‘முத்து’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் உகரத்தில் இதழ்கள் குவிகின்றன. இறுதி உகரத்தில் குவிவதில்லை. பின்னதை நாம் குற்றியலுகரம் என்போம். வியட்நாமியருக்கு இவை இரு தனி எழுத்துகள். இதழ் குவித்துத் ‘து’ என்றால் இலையுதிர் காலம். குவியாமல் சொன்னால் கடிதம். அவ்வாறே ஓகாரத்தையும் நாவை அசைக்காமல், இதழ்களை மட்டும் விரித்துச் சொன்னால் மற்றோர் உயிர் பிறக்கும்.

இவற்றின்மேல் குரலின் ஏற்ற இறக்கமும் உண்டு. ‘சூஅ’ என்பதைக் குரல் உயர்த்திச் சொன்னால் ஆண்டவர். சமமாகச் சொன்னால் புளிப்பு. தாழ்த்திச் சொன்னால் புத்தக் கோயில். செபத்தில் ஆண்டவரை அழைக்கும் குருவுக்கு இது சிறிய காரியமா?

இவ்வொலிகளைக் காட்டவே இலத்தீன் எழுத்துகளுக்குத் தொப்பியும் கொம்பும் போன்ற குறிகள் இடப்பட்டன. பீனா, அமரால், பர்போசா ஆகிய அடிகளாரின் உழைப்பும், பெயர் தெரியாத வியட்நாமியர் பலரின் உதவியும் இதில் அடங்கும். இவற்றின் பயனாக, வியட்நாம்–போர்த்துக்கீசியம்–இலத்தீன் அகராதியை ரோட்ஸ் அடிகள் 1651-இல் உரோமையில் அச்சேற்றினார். அவ்வெழுத்து முறையே காலப்போக்கில் திருத்தம் பெற்று, இன்று அந்நாட்டின் பொது எழுத்தாக விளங்குகிறது.

கற்றறிந்த குரு, சிறுவனின் வாயசைவை நோக்கி அமர்ந்தார். அவன் திருத்தத் திருத்த மீண்டும் மீண்டும் சொல்லிப் பழகினார். பிறர் உள்ளத்தோடு பேச விரும்புவோர் முதலில் அவர்தம் பிள்ளைகளுக்கு மாணவராக வேண்டும். அதற்கு நாணுவோர் கடைசிவரை மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருக்க நேரிடும்.