பெட்டிக்குக் கமகம் வராது

ஆர்மோனியத்தில் கமகம் வராது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுக்க இடமில்லை என்பது செவ்வியல் இசை அதிகாரத்தின் பழைய குற்றச்சாட்டு. 1940இல் அகில இந்திய வானொலி பெட்டியைத் தடைசெய்ததற்கும் இது ஒரு காரணம். 1971இல்தான் தடை தளர்ந்தது. அந்த முப்பத்தொரு வருஷமும் மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பெட்டியை நம்பித்தான் விடிந்தது. 'கமகம் எங்கேய்யா?' என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 1935இல் வந்த ஹேமண்ட் ஆர்கனும் இப்படியொரு பெட்டிதான். காற்று கிடையாது, காந்தத்துக்கு முன்னால் பல்சக்கரங்கள் சுழன்று மின்சாரம் நாதமாகும். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு அது மலிவு மாற்று. கறுப்பின மக்களின் தேவாலயங்கள் வழியாக ஜாஸுக்குள் நுழைந்தது. கட்டையை அழுத்தினால் 'டிக்' என்றொரு சத்தம் வரும். செய்தவர்களுக்கு அது பழுது, வாசித்தவர்களுக்கோ தாளம். ஃபங்க் என்கிற, இடுப்பை ஆட்டுகிற அந்த அழுக்கு நடையில் பாதி இந்தப் பழுதுதான் என்பேன்.

1956இல் ஜிம்மி ஸ்மித் ப்ளூ நோட் இசைத்தட்டுகளில் வந்தார். இடது கையும் காலும் பாஸைப் பார்த்துக்கொள்ள, வலது கை ப்ளூஸ் பேசியது. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ்: மூணே பேர், சின்ன மதுக்கூடத்துக்கும் கட்டுப்படியாகும் கூலி. (கூலியும் இசைவடிவத்தைத் தீர்மானிக்கும் என்றால் நம்ம அழகியல்வாதிகளுக்குக் கோபம் வரும்.) லாரி யங் (1940-78) இந்த வடிவத்தையும் உடைத்தார். 1965இல் பதிவான 'யூனிட்டி'யில் கோல்ட்ரேனின் தேடல் ஆர்கனுக்குள் வந்தது. 1969இல் டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' குழுவில், மக்லாஃப்ளினின் கிட்டாரோடு மோதி, சுரங்கள் கரைந்து வெறும் நாதத்திரளாகவே ஆகிவிடும் இடங்கள் உண்டு.

இந்தக் காதோடு எங்கள் தொப்பம்பட்டிப் பக்கத்து வள்ளி திருமணத்தைக் கேட்கணும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறொரு ஊர், சந்திப்பே மேடையில்தான். நாரதரும் வள்ளியும் தர்க்கம் ஏற ஏற, எந்தப் பாட்டுக்குத் தாவுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஓரத்தில் கால்பெட்டியை மிதித்துக்கொண்டிருப்பவர்தான் சுருதி கொடுத்து, பின்பாட்டுப் பாடி, தாவினவரைத் தாங்கிப் பிடிக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகளின் பிரதியைப் பற்றி எழுதியாயிற்று. கிட்டப்பாவின் குரலைப் பற்றியும் எழுதியாயிற்று. அந்தக் குரலுக்கு ஆர்மோனியம் வாசித்த அண்ணன் காசி ஐயரின் விரல்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?