பழைய கணனியை விற்பதற்கு முன்...

உங்கள் வீட்டில் ஏழெட்டு வருடங்களாக உழைத்து வரும் கணனியில் விண்டோஸ் 10 இருக்கின்றதா? அதற்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐப் போடலாமென்றால், பழைய இயந்திரங்கள் பலவற்றை அது ஏற்றுக்கொள்வதில்லை. “புதிதாக ஒன்று வாங்குவோம்” என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்புதான். சற்றுப் பொறுங்கள் சகோதரிகளே! அந்தச் செலவுக்கு முன் லினக்ஸைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்ளுங்கள்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். அது ஒரு கரு மாத்திரமே. ஒரே அரிசி மாவில் இடியப்பமும் அவிக்கலாம், பிட்டும் அவிக்கலாம் அல்லவா? அதுபோல இக்கருவை வைத்துப் பல குழுவினர் வெவ்வேறு தொகுப்புகளை ஆக்கியுள்ளனர். உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்பன அவற்றுட் சில. மூன்றும் இலவசம்.

வீட்டுப் பாவனைக்கு எது என்று கேட்டால் மின்ட் என்றே சொல்வேன். அதன் தோற்றம் விண்டோஸைப் பெரிதும் ஒத்தது. பழகியவர் தடுமாற மாட்டார். நினைவகம் 4 ஜீ.பி. இருந்தால் நல்லது. இணையத்துக்கு ஃபயர்ஃபொக்ஸும், கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஒஃபிஸும் கூடவே வருகின்றன. வேர்ட் ஆவணங்களும் அதில் திறக்கும். ஆனால் சில வேளைகளில் பக்க அமைப்பு குலைந்துவிடும்; பிள்ளையின் ஒப்படையை பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதே உத்தமம்.

சிக்கல் விளையாட்டில்தான் இருக்கிறது. ‘லினக்ஸில் கேம் ஓடாது’ என்பது பழங்கதை. வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டன் என்ற மென்பொருள், விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஸ்டீம் வழியாக லினக்ஸில் இயக்குகின்றது. அந்நிறுவனம் 2022இல் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. ஆயினும் ஃபோர்ட்நைட், வெலோரன்ட் போன்றவை ஓடா. மோசடி செய்து வெல்வோரைப் பிடிக்க அவை பாவிக்கும் காவல் மென்பொருள் லினக்ஸை அனுமதிப்பதில்லை. ஆகவே, மகன் விளையாடுபவற்றின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவனிடம் கேளாமல் மாற்றிவிட்டால் வீட்டில் பெரும் சண்டைதான்! மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு மட்டுமென்றால் கவலையில்லை. சின்னஞ்சிறுசுகளுக்கு ஜீகொம்பிரி, படம் வரைய டக்ஸ் பெயின்ட் என்பன இலவசமாகக் கிடைக்கின்றன. விளையாட்டே பிரதானம், கணனியும் புதியது என்றால் மின்ட்டை விட பஸைட் என்ற தொகுப்பு பொருத்தமாயிருக்கும்.

நிறுவ முன்னர் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. மின்ட்டை 8 ஜீ.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணனியை இயக்கலாம். நிறுவும்படி நீங்கள் சொல்லும் வரை உள்ளேயுள்ள விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. வைஃபை, ஒலி, கமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஆறுதலாகப் பாருங்கள்.

நிறுவும்போது டிஸ்க்கை முழுதாக அழிக்கும் தெரிவை அமர்த்தினால் பழையவை யாவும் போய்விடும். கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் அனைத்தையும் முன்னதாகவே வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி செய்துகொள்ளுங்கள். அவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்பதை இன்னொரு கணனியில் போட்டுப் பார்த்த பிறகே பழையதில் கைவையுங்கள்.